தக்கை இல்லாத தூண்டில்

தூண்டில் போடுகிறவர்களிடம் மட்டும் ஒரு விஷயத்தை நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. எவ்வளவு பெரிய மீன் என்று கேட்டால் முழங்கை வரை அளந்து காட்டுவார்கள். எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டால் எதிர்த்திசையில் கையை நீட்டுவார்கள். இரையில் என்ன கலந்தீர்கள் என்று கேட்டுவிட்டாலோ, பரம்பரைச் சொத்தில் பங்கு கேட்டதுபோல் முகம் சுண்டிப்போகும். குடிநீர் ஏரியின் கிழக்குக் கரையில் ஞாயிறும் புதனும் காலையில் கூடுகிற ஆறு பேரில் ஐந்து பேர் இந்த ரகம்தான். ஆறாவது ஆள் பூட்டுக்காரர். அவர் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

அவருக்கு எழுபத்தேழு வயது. மருந்துக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் நாலடி அகலத்தில் ஒரு கடை. ஐம்பது வருடமாக அதில்தான் சாவி வெட்டினார், பூட்டுப் பழுது பார்த்தார், சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நின்று கையைப் பிசைகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார். சாவியில்லாமல் எப்படித் திறப்பது என்பதை மட்டும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. சொந்த மைத்துனனே ஆறு மாதம் நச்சரித்துப் பார்த்துவிட்டுப் பேச்சு வார்த்தையை நிறுத்திக்கொண்டான். போனால் போகிறான் என்று விட்டுவிட்டார்.

“தொழில்ல வாயைக் கட்டிப் போட்டாச்சு. இங்கயாவது அவுத்து விடுறேனே,” என்பார் ஏரிக்கரையில்.

இந்தக் கதை அவரைப் பற்றியதுதான் என்றாலும், அவரை நன்றாகப் பார்த்தவர் அந்த ஐந்து பேரில் ஒருவரான டிரைவர். முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டிவிட்டு, ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போதே வேலையை விட்டவர். வீட்டில் உட்கார்ந்த மூன்றாவது வாரம் அவர் மனைவி ஒரு பையில் தண்ணீர் பாட்டிலை வைத்து அவர் கையில் கொடுத்தார்.

“ஏங்க, நான் கதவைச் சாத்துறதுலகூடக் குத்தம் கண்டுபிடிக்கிறீங்க. எங்கயாவது போய்ட்டு மதியம் வாங்க. உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.”

அப்படித்தான் டிரைவர் ஒரு தூண்டிலை வாங்கிக்கொண்டு ஏரிக்கு வந்து சேர்ந்தார். முதல் இரண்டு வாரம் ஒரு மீன்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாவது வாரம் பூட்டுக்காரர் எழுந்து வந்து, அனுமதியெல்லாம் கேட்காமல் அவர் தூண்டிலை வாங்கிப் பார்த்தார்.

“முள்ளு பெருசு. கொக்கியில துணி காயப்போடப் போறீங்களா? மிதக்குற தக்கையை ஒரு சாண் மேல ஏத்துங்க. இரை தரையைத் தொடணும். கெண்டை தலையைக் குனிஞ்சுதான் திங்கும், உங்களுக்காக அண்ணாந்து பாக்காது.”

அன்று இரண்டு கெண்டை கிடைத்தது. அந்த இரண்டு கெண்டையிலேயே டிரைவர் ஆளே மாறிப்போனார்.

பிறகு அவர் செய்த ஒரு சின்னத்தனத்தையும் சொல்லிவிடவேண்டும். வடக்கு மூலையில் பழைய குழாய் ஒன்று தண்ணீருக்குள் இறங்குகிற இடத்தில் நல்ல மீன் நிற்பதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆறு மணிக்கே போய் நாலு மீன் பிடித்துப் பையில் போட்டுக்கொண்டு, ஏழு மணிக்கு ஒன்றும் தெரியாதவர் மாதிரி மற்றவர்களோடு வந்து உட்காருவார். ஒரு வாரம் இப்படி நடந்தது. அடுத்த புதன்கிழமை பூட்டுக்காரர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

“டிரைவரே, உங்களுக்கு மீன் சரியா மாட்டலைன்னு எனக்கு மனசு கேக்கல. வடக்கு மூலையில குழாய் பக்கம் போட்டுப் பாருங்க. இருபது வருஷமா நான் பிடிக்கிற இடம்.”

டிரைவருக்குக் காது மடல் சூடாகிவிட்டது. பையில் நாலு மீன் கிடந்து துள்ளிக்கொண்டிருந்தது. பையை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, “சரிங்கண்ணே,” என்றார். வேறு என்ன சொல்ல முடியும்? அன்றிலிருந்துதான் அவரை ‘அண்ணே’ என்று கூப்பிட ஆரம்பித்தார். அவரும் ‘ங்க’ போடுவதை விட்டுவிட்டார்.

தக்கையைக் கழற்றிய விஷயம் நடந்தது மூன்று வருடத்துக்கு முன்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூட்டுக்காரர் தக்கையே இல்லாத தூண்டிலோடு வந்தார். தூண்டில் நரம்பை ஆள்காட்டி விரலின் நுனியில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தார். மற்ற ஐந்து பேரும் மொத்தமாகப் பிடித்ததைவிட அதிகம் பிடித்தார். இரண்டு வாரம் கழித்து ஒவ்வொருவரிடமும் போய், அவரவர் விரலைப் பிடித்து, நரம்பை எங்கே வைப்பது, எவ்வளவு இறுக்கமாக வைப்பது என்று சொல்லிக்கொடுத்தார்.

“தக்கையைப் பாத்துட்டே இருந்தா அலையும் ஆடும், காத்தும் ஆட்டும், எது மீனுன்னு தெரியாது. கண்ணை மூடுங்க. விரல் சொல்லும்.”

உண்மையிலேயே விரல் சொன்னது. ஒரு மாதத்தில் ஆறு பேரும் தக்கையைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். ஆறு பெரிய மனிதர்கள் காலை வேளையில் வரிசையாகக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் இது என்ன தியான வகுப்பு, எப்படிச் சேர்வது என்று கேட்டுவிட்டுப் போனார். அவர்களில் ஒருவரான மருந்துக்கடைக்காரர் நிஜமாகவே குறட்டை விடுவார், விரலில் நரம்பு சுண்டினால் மட்டும் எழுந்திருப்பார். அதுவும் ஒரு திறமைதான்.

அதே சமயத்தில் டிரைவருக்கு இன்னொரு பாடமும் ஆரம்பித்தது. ஏரிக்கு வருகிற ஒவ்வொரு நாளும் பூட்டுக்காரர் தன் முள்ளையும் நரம்பையும் எடுத்து அவரிடம் நீட்டுவார்.

“கட்டு பாப்போம். சரியா கட்டுறியான்னு பாக்கணும்.”

டிரைவர் கட்டிக் கொடுப்பார். பூட்டுக்காரர் முடிச்சை விரலால் தடவி, நகத்தால் நெருடி, இழுத்துப் பார்த்துவிட்டு, “ம்... சுமார். அடுத்த தடவை இன்னும் நல்லா கட்டு,” என்பார். மூன்று வருடமாக டிரைவர் இந்தப் பரீட்சையை எழுதிக்கொண்டிருந்தார், ஒருநாளும் தேறவில்லை. வீட்டில் தையல் நூலை வைத்துக்கொண்டு பழகியதில் மனைவியின் இரண்டு நூல்கண்டு காலி. நல்ல வேளையாக அந்த அம்மாள் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

இந்த நிலைமையில்தான் பெஞ்சு நகர்ந்தது.

கரையில் இரும்புப் பெஞ்சு ஒன்று உண்டு. பூட்டுக்காரர் பையை அதில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டுதான் படியில் இறங்குவார். ஏரி நிர்வாகத்து ஆட்கள் அதைப் பத்தடி தள்ளி வைத்துப் புதிதாகச் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். புதன்கிழமை காலை பூட்டுக்காரர் வழக்கமான நடையில் வந்தார், வழக்கமான இடத்தில் திரும்பினார், கையைப் பின்னால் நீட்டி லேசாகத் துழாவினார், உட்கார்ந்தார். தொப்பென்று தரையில்.

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். “பெஞ்சுக்குக் கால் முளைச்சிருச்சு போலிருக்கே,” என்றார். தூக்கிவிடப் போன டிரைவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பத்தடி தூரத்தில் தீப்பிடித்த மாதிரிச் சிவப்பாக நிற்கிற பெஞ்சு, பார்க்கிறவன் கண்ணுக்கு எப்படித் தப்பும்? அந்தத் துழாவிய கை, எண்ணி வைத்தது போன்ற நடை, தக்கை, முடிச்சு எல்லாம் ஒரே நேரத்தில் டிரைவருக்குப் புரிந்துபோயிற்று. மூன்று வருடமாகத் தான் எழுதியது பரீட்சையே இல்லை.

டிரைவருக்கு இது சட்டென்று புரிந்ததற்குக் காரணம் இருக்கிறது. கடைசி வருடம் அவர் கண்ணில் புரை விழ ஆரம்பித்தபோது, பணிமனையில் கண் பரிசோதனை நடந்தது. வரிசையில் முன்னால் நின்றவர்கள் படிக்கிற எழுத்துகளைக் கேட்டு, கடைசி இரண்டு வரியை மனப்பாடம் செய்து ஒப்பித்துத் தேறிவிட்டார். அதன்பின் எட்டு மாதம் ஓட்டினார். ஒருநாள் மாலை, மங்கிய வெளிச்சத்தில், சைக்கிளில் போன ஒரு பெண் அவருடைய பேருந்துக்கு ஒரு முழ இடைவெளியில் தப்பினாள். அவள் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. மறுநாள் டிரைவர் தானே போய் உண்மையைச் சொல்லி இறங்கிக்கொண்டார். பிறகு அறுவை செய்து பார்வை வந்துவிட்டது, வேலை வரவில்லை. இது அவர் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது.

அன்று மாலையே பூட்டுக்காரரின் மகள் போன் செய்தார். தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறவர். அப்பா இருப்பது அவர் வீட்டில்தான்.

“அண்ணே, அப்பாவுக்குக் கண்ணு நல்லாத் தெரியுதா? நேத்து என் செருப்பைப் போட்டுட்டுக் கடைக்குப் போயிருக்காரு. கேட்டா, அவசரத்துல மாறிப்போச்சுங்கிறாரு. கண்ணு தெரியலைன்னா இப்படி வாரா வாரம் மீன் பிடிச்சுட்டு வர முடியுமான்னு என்னையே திருப்பிக் கேக்கிறாரு. அதுவும் சரிதான், தக்கையைப் பாத்துத்தானே பிடிக்கணும்? இருந்தாலும் மனசு ஒப்பல. அந்தப் படியெல்லாம் ஒரே பாசி. கண்ணு சரியில்லைன்னா நான் அனுப்பவே மாட்டேன்.”

“நாளைக்குச் சொல்றேம்மா,” என்று மட்டும் டிரைவர் சொன்னார்.

மறுநாள் பத்து மணிக்குக் கடைக்குப் போனார். பூட்டுக்காரர் சாவி வெட்டுவதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார். இருந்தாலும் கடையைத் திறந்து ஒரு மணி வரை உட்காருவார். சுவர் முழுக்க ஆணிகளில் வெட்டாத சாவிகள் தொங்கின.

“அண்ணே, ஒண்ணு கேப்பேன். மறைக்காம சொல்லணும்.”

“பூட்டைத் திறக்கிறதைத் தவிர எது வேணாலும் கேளு.”

“நேத்து நகர்ந்துச்சே, அந்தப் பெஞ்சு என்ன கலரு?”

பூட்டுக்காரர் ஒரு சாவியை ஆணியிலிருந்து எடுத்தார். பல் இல்லாத அதன் ஓரத்தைத் தடவினார். பழையபடி மாட்டினார்.

“பச்சை.”

“சிவப்புண்ணே.”

ஜெராக்ஸ் கடை இயந்திரம் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்துக்குள்ளேயே அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“வலது கண்ணு போய் நாலு வருஷமாச்சு. இடதுல ஓரமா கொஞ்சம் நிழலாடும். போனது திரும்ப வராதுன்னுட்டாங்க. சொட்டு மருந்து போட்டா இருக்கிறதாவது நிக்குமாம்.”

டிரைவருக்குப் பரிதாபம்தான் வந்திருக்கவேண்டும். வந்தது கோபம்.

“உங்களுக்குத் தெரியல, சரி. எங்களை எதுக்குண்ணே மூணு வருஷமா கண்ணை மூடி உக்கார வெச்சீங்க? கூட்டத்துல நீங்க தனியா தெரியக்கூடாதுன்னா?”

“ஐயையோ, இல்ல டிரைவரே.” கிழவர் பதறிப்போனார். “தக்கை தெரியாம போனதும், அவ்வளவுதான், இனி ஏரிப்பக்கம் வேலையில்லைன்னு மூட்டை கட்டிட்டேன். கடைசியா ஒரு நாள் சும்மா நரம்பை விரல்ல போட்டுட்டு உக்காந்தேன். பூட்டுக்குள்ள ஊசியைத் தடவுவோம்ல, அந்தப் பழக்கம். அன்னைக்கு ஒம்பது மீனு! தக்கை அசையிறதுக்கு முன்னாலயே விரலுக்குத் தெரிஞ்சிடுது. இதை வெளிய சொன்னா மாட்டிக்குவேன்னு எனக்குத் தெரியும். கண்ணு இருக்கிறவன் எதுக்குத் தக்கையைக் கழட்டுறான்னு எவனாவது யோசிச்சா போச்சு. ரெண்டு வாரம் வாயை மூடிட்டுத்தான் இருந்தேன். நீ அந்தப் பக்கம் ஒரு மீனும் இல்லாம உக்காந்திருந்த. என்னால முடியல.”

டிரைவர் சுவரில் தொங்கிய சாவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் குழாய் பக்கத்தை ஒரு வாரம் ஒளித்து வைத்திருந்ததை நினைத்தார்.

“என் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாத,” என்றார் பூட்டுக்காரர்.

டிரைவர் முதன்முதலாக ஒரு மூன்றாம் மனிதரிடம் அந்தச் சைக்கிள் பெண்ணைப் பற்றிச் சொன்னார். மனப்பாடம் செய்த எழுத்துகளைச் சொன்னார். எட்டு மாதத்தைச் சொன்னார்.

“அவ தப்பிச்சா. அது என் சாமர்த்தியம் இல்லண்ணே. நீங்க அந்தப் பாசிப் படியில போனா நான் எந்த முகத்தை வெச்சுட்டு உங்க பொண்ணைப் பாப்பேன்? சொல்லத்தான் போறேன்.”

“அப்ப எந்திரிச்சுப் போ,” என்றார் பூட்டுக்காரர். டிரைவர் தெருவில் இறங்குவதற்குள் கடையின் ஷட்டர் பாதி இறங்கிவிட்டது. ஐம்பது வருடத்தில் பதினொரு மணிக்கு அந்தக் கடையை மூடியதை யாரும் பார்த்ததில்லை.

டிரைவர் போனில் பூட்டுக்காரரின் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் அழுகைச் சத்தம் கேட்டது. பிறகு, “இனி வேண்டாம்ணே. அவரு வீட்லயே இருக்கட்டும்,” என்றார்.

“நீ சொல்றதுதான்மா முடிவு. ஆனா முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை வந்து பாரு. அவரை எப்படிப் பாக்கணுமோ அப்படிப் பாத்துட்டு முடிவு பண்ணு.”

ஞாயிற்றுக்கிழமை மகள் அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். பூட்டுக்காரர் அந்தப் பிடியில் மரக்கட்டை மாதிரி வந்தார். டிரைவர் வணக்கம் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவ்வளவு நாளும் எப்படி ஒருத்தருக்குமே தெரியாமல் போயிற்று என்று மகள் பொதுவாகக் கேட்டார். மருந்துக்கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

“எனக்குத் தெரியும்மா. சொட்டு மருந்து என் கடையிலதான் வாங்குறாரு. வைத்தியச் சீட்டுல இருக்கிறதை நான் வெளிய பேசக்கூடாது பாரு.”

மகள் அவரை ஒரு பார்வை பார்த்தார். அன்று முழுக்க மருந்துக்கடைக்காரர் குறட்டை விடவில்லை.

பாசி இல்லாத மேல்படியில் மகளை உட்காரவைத்து, டிரைவர் ஒரு தூண்டிலைப் போட்டு நரம்பை அவர் விரலில் வைத்தார். பூட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். கையைக் கட்டிக்கொண்டார். இனி ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று வீட்டிலிருந்தே தீர்மானித்து வந்த முகம்.

“கண்ணை மூடிக்கம்மா.”

“எதுக்கு?”

“உங்கப்பா சொல்லிக்கொடுத்தது. நாங்க எல்லாருமே இப்படித்தான் பிடிக்கிறோம்.”

மகள் திரும்பிப் பார்த்தார். தலை நரைத்த நாலு பேர் வரிசையாகக் கண்ணை மூடிக்கொண்டு, நீட்டிய விரலோடு உட்கார்ந்திருந்தார்கள். அவரும் மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் நரம்பு துடித்தது. வெடுக்கென்று இழுத்தார், வெறும் முள் வந்தது. இரண்டாவது தடவையும் அதேதான். பூட்டுக்காரர் கட்டிய கையை அவிழ்த்தார், மறுபடியும் கட்டினார். அவர் தாடை அசைவதை டிரைவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது தடவை நரம்பு துடித்ததும் மகள், “வந்திருச்சு வந்திருச்சு!” என்றார்.

“இழுக்காத!” என்று கத்திவிட்டார் கிழவர்.

அவர் கை நரம்பைத் தேடிக் காற்றில் அலைந்தது. கொஞ்சம் மேலே போயிற்று, கொஞ்சம் இடதுபக்கம் போயிற்று. மகள் கண்ணைத் திறந்து அதைப் பார்த்தார். அந்தக் கையைப் பிடித்து நரம்பின்மேல் வைத்தார்.

“சும்மா முட்டிப் பாக்குது. விடு. விரலைத் தளர்த்து... இப்ப வாயில வாங்கியிருக்கு, கனம் தெரியுதா? இன்னும் நம்பல அது. இரு. நகருது பாரு, நகருது... ம், இப்ப!”

ஒரு முழ நீளக் கெண்டை. இது பொய்யில்லை, மருந்துக்கடைக்காரரும் பார்த்தார். மகள் மீனைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தார். “எவ்வளவு பெருசு? சொல்லு, எவ்வளவு பெருசு?” என்று பூட்டுக்காரர் மீன் கிடந்த பக்கத்தை விட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மகள் அவர் இரண்டு கையையும் எடுத்து மீனின் தலையிலும் வாலிலும் வைத்தார்.

முடிவை மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது சொன்னார். ஞாயிறும் புதனும் டிரைவர் வீட்டுக்கு வந்து கூட்டிப்போகவேண்டும், திரும்பக் கொண்டுவந்து விடவேண்டும். மேல்படிக்குக் கீழே ஒரு படிகூட இறங்கக்கூடாது. செருப்பை மகள்தான் எடுத்துக் கொடுப்பார். பூட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார், மூன்றாவதற்கு மட்டும் கொஞ்சம் முறைத்தார்.

புதன்கிழமை டிரைவர் சொன்ன நேரத்துக்குப் போய்க் கூட்டி வந்தார். வழியெல்லாம் பூட்டுக்காரர் டிரைவரின் சட்டை நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தார். ஷட்டரை இறக்கிய ஆளுக்கும் வெளியே நின்ற ஆளுக்கும் அது சுலபமாக இல்லை. சிவப்புப் பெஞ்சில் உட்கார்ந்ததும், பூட்டுக்காரர் கேட்காமலேயே டிரைவர் அவர் பையைத் திறந்து, முள்ளை எடுத்துக் கட்டி, வழக்கம்போல நீட்டினார்.

பூட்டுக்காரர் முடிச்சைத் தடவினார், நகத்தால் நெருடினார், இழுத்துப் பார்த்தார். பிறகு அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

“டிரைவரே.”

“சொல்லுங்கண்ணே.”

“நீ மொத வாரத்துலயே சரியாத்தான் கட்டின.”